சுவரில் இருந்தது சாடிதான்

எங்கள் குடியிருப்பின் பின்வாசலை ஒட்டி ஒரு நீளச் சுவர் இருக்கிறது. மார்க்கெட்டிலிருந்து வருகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், பார்சல் கொண்டு வருகிறவர்கள், யாராக இருந்தாலும் அவசரம் என்றால் அந்தச் சுவரைத்தான் தேடி வந்தார்கள். "இங்கே சிறுநீர் கழிக்காதீர்" என்று இந்தியில் எழுதிப் பார்த்தாயிற்று. அந்த எழுத்தின் மேலேயே கழித்தார்கள். அபராதம் உண்டு என்று சிவப்பில் எழுதினோம். அதன் மேலும் நடந்தது. காலையில் ஆபீஸுக்குப் போகும்போது துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அந்த இடத்தைக் கடப்பேன்.

நாங்கள் ஈரோட்டுக்காரர்கள். டெல்லி மோதி பாகில் இருக்கும் இந்த குவார்ட்டர்ஸ் என் மத்திய அரசு வேலைக்குக் கிடைத்தது. கணவருக்கு குர்கானில் ஒரு தனியார் வங்கியில் வேலை. மகள் டெல்லியிலேயே பிறந்தவள், பன்னிரண்டாம் வகுப்பு. தமிழ் பேசுவாள். படிக்கச் சொன்னால் மட்டும் அப்பா கூப்பிடுகிறார் என்று எழுந்து போய்விடுவாள்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஹரியானாவில் ரோத்தக் பக்கத்து மனிதர், ஒரு அமைச்சகத்தில் பெரிய அதிகாரி, ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. நல்ல உயரம். அந்த உயரத்துக்கு ஏற்ற மூக்கு. நடுவில் ஒரு மேடு ஏறி, நுனியில் கீழ்நோக்கி வளையும்.

"மேடம்-ஜி, பொங்கலுக்கு கேட் முன்னால் நீங்கள் போட்ட ரங்கோலியைப் பார்த்தேன். அந்தச் சுவருக்கு நீங்கள்தான் ஒரு வழி பண்ண வேண்டும்" என்றார் இந்தியில்.

"அது தரையில் போடுவது. சுவரில் வரைய எனக்குத் தெரியாது" என்றேன்.

"சுவர் என்பது எழுந்து நிற்கிற தரைதானே?" என்றார்.

நான் டீ போடப் போனேன். திரும்பி வருவதற்குள் என் கணவர் எனக்காகச் சம்மதம் சொல்லி முடித்திருந்தார்.

மற்ற இடங்களில் செய்வதுபோல சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று சங்கத்தில் சிலர் சொன்னார்களாம். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த நாற்றத்தில் சாமியைக் கொண்டுபோய் காவலுக்கு நிறுத்துவதா? பார்க்க அழகாக, யாரையும் வம்புக்கு இழுக்காத ஒரு பொருளை வரைவோம் என்று யோசித்து, கடைசியில் பூச்சாடி என்று முடிவு செய்தேன். பூச்சாடியைப் பற்றி யார் என்ன குறை சொல்ல முடியும்?

பெயிண்டுக்கு சங்கம் செலவு செய்யாது என்று முதலிலேயே தெரிந்துவிட்டது. ஸ்டோர் ரூமில் மிச்சமிருந்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். திறந்து பார்த்தால் இரண்டே நிறம். வெள்ளை டிஸ்டெம்பர் ஒரு வாளி, கேட்டுக்கு அடித்து மீந்த காப்பி நிறம் ஒரு டப்பா. வெள்ளையில் சாடி, அதன் இரண்டு பக்கமும் காப்பி நிறம். அவ்வளவுதான் என் கற்பனைக்கு இடம்.

சனிக்கிழமைகளில் மதிய வெயில் முதுகில் படும்படி ஸ்டூல் போட்டு வரைந்தேன். டெல்லிக் குளிரில் அந்த வெயில் ஒரு சுகம். என் உயரத்துக்குச் சாடி. மேலே விரிந்த வாய், நடுவில் ஒடுங்கிய இடுப்பு, அதற்குக் கீழே இரண்டு மூன்று வளையங்கள், அடியில் அகன்ற பாதம். இடது பக்கத்தைப் பிரஷ்ஷால் ஒரே மூச்சில் வரைந்தேன். இடுப்பு நன்றாக ஒடுங்கி, ஒரு கொக்கிபோல வளைந்து, அழகாக வந்தது. வலது பக்கத்தை அதேபோல வரையப் போனால் சரியாக இடுப்பு வரவேண்டிய இடத்தில் சிமெண்ட் பூச்சு புடைத்திருந்தது. பிரஷ் அதில் ஏறி வழுக்கியது. அந்தப் பக்கம் வளைவு சின்னதாகப் போய்விட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்று விட்டுவிட்டேன். சுற்றியிருந்த இடத்தையெல்லாம் ரோலரால் காப்பி நிறத்தை உருட்டி நிரப்பினேன்.

முடித்த அன்று எல்லோரும் பாராட்டினார்கள். தலைவர் சுவர் முன்னால் நின்று, "கமால் கர் தியா", அசத்திவிட்டீர்கள் என்றார். கணவர் போனில் போட்டோ எடுத்து ஈரோட்டுக்கு அனுப்பினார்.

மறுநாள் மாலை டியூஷன் முடிந்து வந்த மகள் பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"அம்மா, சுவத்துல அந்த ரெண்டு பேர் யாரு?"

"எந்த ரெண்டு பேர்?"

"அதான், கிஸ் பண்ணப் போறாங்களே."

"அது சாடி" என்றேன்.

"அச்சா? சாடியா?" என்று அவள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். நான் வேண்டுமென்றே இரண்டு முகங்களைத்தான் வரைந்திருக்கிறேன் என்று நினைத்து, அம்மாவுக்கு இவ்வளவு தைரியமா என்று வழியெல்லாம் பெருமைப்பட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். சாடி என்றதும் முகம் வாடிவிட்டது. "வெள்ளையைப் பாக்காதேம்மா, பிரவுனைப் பாரு. இந்தப் பக்கம் ஒரு ஆளு, அந்தப் பக்கம் ஒரு ஆளு."

போனில் படத்தைத் திறந்து உற்றுப் பார்த்தேன். சாடிதான் இருந்தது. கணவரிடம் காட்டினேன்.

"ஏனுங்க, உங்களுக்கு என்ன தெரியுது?"

"சாடி."

"இவ ஏதோ மூஞ்சி தெரியுதுங்கறாளே?"

"நீ வரைஞ்சது சாடி. எனக்குத் தெரியறதும் சாடி. நான் எதுக்கு அதுல வேற ஒண்ணைத் தேடிப் பாக்கோணும்?" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணைக் கேட்டேன். தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப் இடிபட்ட பிறகு எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து அங்கிருந்து வருகிறவர். பின்வாசல் வழியாகத்தான் தினமும் வருவார்.

"பார்த்தேங்க்கா. புருஷன் பொண்டாட்டிதானே? நல்லா இருக்கு. நானும் எங்க வூட்டுக்காரரும் இப்படித்தான் உக்காந்திருப்போம்."

"கொஞ்சிக்கிட்டா?"

"எங்கக்கா கொஞ்சறது! சண்டை போட்டுட்டு. யாரு மொதல்ல வாயைத் தொறக்கறதுன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு." சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார்.

ஆக, வரைந்த எனக்கும் என் கணவருக்கும் மட்டும்தான் தெரியவில்லை. ஆபீஸுக்குப் போகிற வழியில் சுவர் எதிரே நின்றேன். சாடி. கிட்டே போனேன். அப்போதும் சாடி. பிரவுனைப் பார், பிரவுனைப் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. ஒதுங்கி நின்று மறுபடி நிமிர்ந்தபோது, சாடி இல்லை.

இரண்டு பெரிய முகங்கள். நெற்றி, மூக்கு, உதடு, தாடை, கழுத்து எல்லாம் முழுசாக இருந்தன. மீதி இடம் என்று நினைத்து நான் அவசர அவசரமாக ரோலர் உருட்டிய இடம்தான் அந்த முகங்கள். சாடியின் வளையங்கள் என்று நான் ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தவை அவர்களுடைய உதடுகளுக்கு நடுவில் இருந்த வெற்றிடம். எனக்குப் புல்லரித்தது. கண்ணைச் சிமிட்டியதும் சாடி திரும்ப வந்து நின்றது. இன்னொரு சிமிட்டலில் முகங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்து வைக்கலாமா என்று எவ்வளவோ முயன்றேன், முடியவில்லை. ஒன்று வந்தால் மற்றது மெட்ரோவில் சீட் விட்டுக்கொடுப்பதுபோல எழுந்து போய்விடுகிறது. அன்றைக்கு ஆபீஸுக்கு நேரத்துக்குப் போகவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்தில் மேலதிகாரி சொன்னது எதுவும் காதில் விழவில்லை.

சந்தோஷம் மாலை வரைக்கும்தான். எதிர் பிளாக்கில் இருக்கும் பள்ளி ஆசிரியை ஒருவர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார்: "குழந்தைகள் நடக்கிற வழியில் இது என்ன மாதிரிப் படம்? இதற்குப் பழைய நிலைமையே பரவாயில்லை." அதன் கீழே கட்டைவிரல்களும் கூப்பிய கைகளும் வரிசையாக. கல்லூரிப் பெண்களும் பையன்களும் ஜோடி ஜோடியாக வந்து சுவர் முன்னால் செல்ஃபி எடுக்கிறார்கள் என்று இன்னொருவர் எழுதினார். அது உண்மைதான். நானே பார்த்தேன். அவர்கள் எந்நேரமும் அங்கே நின்றதால் வேறு காரியத்துக்காக வருகிறவர்கள் கூச்சப்பட்டுத் திரும்பிப் போனதையும் பார்த்தேன். அதை யாரும் குழுவில் எழுதவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் சுவர் முன்னாலேயே நடந்தது. ஸ்வெட்டர், சால்வை, மங்கி கேப் சகிதம் கூட்டம் கூடிவிட்டது. நான் கடைசியில் நின்றேன். கணவர் என் பக்கத்தில், யாராவது ஏதாவது சொன்னால் பதில் சொல்வதற்குத் தயாராக.

தலைவருக்கு முகங்கள் தெரியவில்லை. "இது சாடி. எனக்குக் கண் இருக்கிறது. சாடியைப் பார்த்து உங்களுக்குத் தப்பாகத் தோன்றினால் அதற்கு மேடம்-ஜி என்ன செய்வார்?" என்று எனக்காக வாதாடினார்.

"தயவு செய்து உங்கள் இரண்டு கையாலும் வெள்ளையை மறைத்துக்கொண்டு பாருங்கள்" என்றார் ஆசிரியை. கோபமாகச் சொல்லவில்லை, வகுப்பில் பாடம் நடத்துவதுபோலப் பொறுமையாகச் சொன்னார்.

தலைவர் மறைத்துப் பார்த்தார். "இப்போது சாடியே தெரியவில்லை" என்றார். கூட்டம் சிரித்தது.

சரி, வெள்ளையடித்துவிடலாம், பிரச்சினை எதற்கு என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அப்போது தலைவரின் மனைவி முன்னால் வந்தார். குள்ளமான, பருமனான அம்மா. அதிகம் பேசாதவர். கூட்டங்களில் நாற்காலி எடுத்துப் போடுவதோடு சரி. சுவரையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் இருக்கிறது நீங்கள்தானே?" என்றார் இடது பக்கத்து முகத்தைக் காட்டி.

"நானா?"

"இந்த மூக்கு வேறு யாருக்கு இருக்கிறது? கொஞ்சம் திரும்பி நில்லுங்கள்."

அவர் என்ன ஏது என்று கேட்காமல் அப்படியே பக்கவாட்டில் திரும்பினார். மேடு, வளைவு, நுனி எல்லாம் அப்படியே இருந்தன. பிறகு யாரோ ஒருவர் "அரே வாஹ்!" என்றதும் மொத்தக் கூட்டமும் வெடித்துச் சிரித்தது. ஆசிரியைகூட வாயைப் பொத்திக்கொண்டார். தலைவர் தன் மூக்கைத் தடவிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அவர் கண்கள் மெல்ல விரிந்ததை நான் கவனித்தேன். முகம் தெரிந்துவிட்டது.

"ஹான்" என்று தலையாட்டினார். "நன்றாகத்தான் வந்திருக்கிறது."

நான் அவரை நினைத்து வரையவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கணவர் என் கையை அழுத்தினார். "சும்மா இரு, போச்சாது" என்றார் காதோடு.

"சங்கத் தலைவரின் படம் சங்கத்துச் சுவரில் இருப்பதில் என்ன தப்பு? இருக்கட்டும்" என்று தலைவர் தீர்ப்பு சொல்லியும் விட்டார். எல்லோரும் கலைகிற நேரத்தில்தான் அவர் மனைவி கேட்டார்.

"சரி. எதிரில் இருப்பது யார்?"

வலது பக்கத்து முகத்துக்குச் சின்ன மூக்கு. எடுப்பான, இளமையான மூக்கு. தலைவர் அவசரமாகத் தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

மறுநாள் மாலை அந்த அம்மா என்னை டீக்குக் கூப்பிட்டார். கேரட் அல்வா கொடுத்தார். நான் சாப்பிட்டு முடிக்கிற வரை காத்திருந்தார். பிறகு, "உண்மையைச் சொல். அவர்தான் உன்னிடம் சொல்லி வரைய வைத்தாரா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடந்ததை அப்படியே சொன்னேன். சாடி வரைந்தது, வலது பக்கத்தில் சிமெண்ட் புடைத்திருந்தது, பிரஷ் வழுக்கியது, எல்லாம்.

"சிமெண்டா?"

"ஆமாம் அண்ணி. தொட்டுப் பார்த்தால் தெரியும்."

அவர் நம்பவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு சுவருக்கே வந்தார். நான் காட்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். புடைப்பு கையில் தட்டுப்பட்டதும் சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் என்னை இப்படி நேருக்கு நேராகப் பார்த்ததே இல்லை தெரியுமா? சாப்பிடும்போது பேப்பர். பேப்பர் இல்லாவிட்டால் போன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. சுவரில் இருப்பவரைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. பிறகு, "கல்யாணத்தின்போது என் மூக்கும் இப்படித்தான் இருந்தது. யாரும் நம்ப மாட்டார்கள். இதில் ஒரு லவுங் வைத்துவிடு" என்றார்.

லவுங் என்றால் மூக்குத்தி. அவர் மூக்கில் இருந்தது ஒற்றைக் கல் மூக்குத்தி. அடுத்த சனிக்கிழமை நான் வாளியில் ஒட்டியிருந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்து, அந்தச் சின்ன மூக்கின் ஓரத்தில் விரலால் ஒரே ஒரு புள்ளி வைத்தேன்.

அந்தப் புள்ளி செய்த வேலையை என்னவென்று சொல்வது! ஆசிரியை வந்து பார்த்தார். "ஓ, கல்யாணமானவர்களா!" என்றார். அதோடு அவருடைய ஆட்சேபணை முடிந்தது. வாட்ஸ்அப் குழுவில் அவரே படத்தைப் போட்டு, கீழே "எங்கள் காலனியின் தம்பதி" என்று எழுதினார். மறுபடியும் கட்டைவிரல்கள், கூப்பிய கைகள்.

என் கணவரின் கதையையும் சொல்லிவிட வேண்டும். அவர் அதுவரைக்கும் பிடிவாதமாகச் சாடியை மட்டுமே பார்த்து வந்தார். அந்த ஞாயிறு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் பின்வாசல் வழியாக வந்தோம். சுவர் அருகில் சட்டென்று நின்றுவிட்டார். பை ஒரு பக்கமாகச் சாய்ந்து வெங்காயம் இரண்டு உருண்டு ஓடியது.

"அட!" என்றார். "அட, இதையாம்மா இத்தனை நாளாச் சொல்லிட்டு இருந்தீங்க? அது யாரு, நம்ம தலைவர் அல்லோ! மூக்கு அப்படியே இருக்குது!"

நடுத்தெருவில் நின்று அவர் சிரித்த சிரிப்பில் மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போன பிறகும் அடங்கவில்லை. மகளைக் கூப்பிட்டு, "கண்ணு, பிரவுனைப் பாக்கோணும், வெள்ளையைப் பாக்கப்படாது" என்று அவளுக்கே சொல்லிக் கொடுத்தார். அவள், "அப்பா, ப்ளீஸ்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்கு மட்டும் ஒரு சின்ன வருத்தம். மூக்குத்தி வைத்த பிறகு அந்தச் சுவரில் முகங்கள்தான் முந்திக்கொண்டு வருகின்றன. என் சாடியைப் பார்க்க வேண்டும் என்றால் நின்று, மூச்சைப் பிடித்து, அந்தப் புள்ளியை மறந்து தேட வேண்டியிருக்கிறது. புதிதாகக் குடிவந்தவர்களிடம் அது சாடி என்று சொன்னால் மரியாதைக்குத் தலையாட்டுகிறார்கள். ஆனால் நாற்றம் போய்விட்டது. துப்பட்டா தோளிலேயே இருக்கிறது. தலைவரும் மனைவியும் மாலையில் அந்த வழியாகத்தான் வாக்கிங் போகிறார்கள். ஒருநாள் ஆபீஸிலிருந்து திரும்பும்போது பார்த்தேன். அவர் போனை ஜேபியில் வைத்துவிட்டு அந்த அம்மா சொல்வதைக் குனிந்து கேட்டுக்கொண்டு போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. தண்ணீர் மோட்டாரைப் பற்றியும் இருக்கலாம்.

அந்த மோட்டார் அறையின் சுவரிலும் ஏதாவது வரைய வேண்டும் என்று போன வாரம் சங்கத்தில் கேட்டார்கள். இந்த முறை முதலில் காகிதத்தில் வரைந்து காட்டச் சொன்னார்கள். மாமரம் ஒன்று வரைந்து கொண்டுபோனேன். கை மாறி மாறிப் போயிற்று. ஆசிரியை தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். தலைவரின் மனைவி பச்சையை மறைத்துப் பார்த்தார், பிறகு பழுப்பை மறைத்துப் பார்த்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றி, கையை நீட்டி, வெளிச்சத்தில் பிடித்தார். இதில் யாருடைய மூக்கும் இல்லை என்று கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மரம் மரமாகவே இருந்தது. எனக்கு என்னவோ சப்பென்று ஆகிவிட்டது. வெயில் ஏறுவதற்குள் தொடங்கிவிடுகிறேன், இந்தத் தடவை புது பெயிண்ட் வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.